ஊசிக்குப் பத்தியம் கிடையாது

செவ்வாய்க்கிழமை காலை. கொட்டகலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததிலிருந்து என் வலது கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்துச் சீட்டில், ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா. மடியில் ஒரு துணி மூட்டை. கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"காலை ஆட்டாதீங்க டீச்சர். வீட்டுக்கு ஆகாது."

நிறுத்தினேன். இடது கால் ஆட ஆரம்பித்தது. மனுஷர் ஒரு பெருமூச்சு விட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஓர் இடத்தில் ஒழுங்காக உட்காருகிற ஆள் இல்லை. வகுப்பில்கூட நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவேன். ஆனால் அன்றைக்கு ஆடியது வேறு ஆட்டம். பயம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முன் சீட்டில் என் அண்ணன் ராமையாவும் அண்ணி மீனாட்சியும் இருந்தார்கள். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருப்பவர்கள். அண்ணனுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அண்ணி கொழுந்து பறிப்பவள். பறித்தவள் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் இருமலில் ரத்தம் கண்டதிலிருந்து அவள் கூடையைத் தொடவில்லை.

க்ஷயம். இப்போது எல்லோரும் டீ.பி. என்கிறார்கள். பெயர் சின்னதாகிவிட்டது, வியாதி சின்னதாகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் நெஞ்சு கிளினிக்கில் ரிசல்ட் கேட்கப் போய்க்கொண்டிருந்தோம். சளியைக் கொழும்புக்கு அனுப்பி, கண்ணாடிக் குழாயில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பார்களாம். வாரக்கணக்கில் ஆகும். வெட்டிவிட்ட தேயிலைகூட அதற்குள் துளிர்த்துவிடும். இந்தப் பாழாய்ப்போன கிருமி அவ்வளவு சாவகாசமாக வளருகிறது... நாம்தான் இங்கே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அண்ணி பிழைப்பாளா? இதுதான் கேள்வி. இதைச் சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

நான் பாவாடை கட்டிய பிள்ளையாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, மருமகளாக வந்தவள் அவள். அம்மா இல்லாத வீடு. என்னையும் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். "அது படிக்கட்டும். அது பறிக்கிற கொழுந்தையும் சேத்து நான் பறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போனாள். பேச்சோடு நிற்கவில்லை. பறித்தாள். நான் டீச்சராகிச் சாக்பீஸ் பிடித்து, இந்தப் பத்தி வரைக்கும் வந்தது அந்தக் கூடையால்தான். எனவே என் கால் ஆடியதில் நியாயம் உண்டு.

சரி, கதைக்கு வருகிறேன்.

முதல் சில மாதம் அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊசி, மாத்திரை, ஓய்வு. உடம்பு தேறியது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. "இனி வீட்டுக்குப் போகலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், தினமும் மாத்திரை சாப்பிடுங்கள், ஒன்றரை வருஷம் ஒரு நாளும் விடாதீர்கள், நன்றாகச் சத்துள்ளதாகச் சாப்பிடுங்கள் — முட்டை, இறைச்சி, பால்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாத்திரை என்றால் ஏதோ கடுகளவு என்று நினைக்காதீர்கள். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, அதோடு ஒரு கை நிறையப் பெரிய வில்லைகள். விழுங்குவதே ஒரு வேலை. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும்.

அண்ணி டிஸ்பென்சரிக்கு ஒழுங்காகப் போனாள். மழையா, பனியா, காலில் அட்டை கடிக்கிறதா, கவலையில்லை. ஊசி நாளில் டிஸ்பென்சரி கதவு திறப்பதற்கு முன்னால் வாசலில் நிற்பாள். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் யாரையும் புகழ மாட்டார். அவரே மற்றவர்களிடம் சொல்வாராம்: "மீனாட்சியைப் பாருங்கோ. ஒரு ஊசி விட்டவளோ? நோயாளி எண்டால் அப்பிடி இருக்கோணும்."

ஆனால் நோய் குறையவில்லை. குறைந்தது மாதிரி காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. சாயங்காலக் காய்ச்சல். எடை இறங்கியது. போன தடவை கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இளம் சிங்கள டாக்டர். கடைத்தெருத் தமிழில் பேசுவார், பரவாயில்லாமல் பேசுவார்.

"ஊசி ஒண்ணும் விடல்லே. அப்போ ஏன் மறுபடி வந்தது?"

படத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"மாத்திரை சாப்பிடுறதா?"

"சாப்பிடுறேங்கய்யா" என்றாள் அண்ணி.

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சாராயம் குடிக்கிறதா? மாத்திரையைக் கடையில குடுத்துட்டு..." முழுவதும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அப்படி விற்றவர்கள் எங்கேயோ இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைப்பு ஏன் வருகிறது?

அண்ணிக்கு வியாதி என்று தெரிந்த வாரமே சாராயத்தை விட்டவன் அண்ணன். பெண்டாட்டியின் மருந்தை விற்றுக் குடிக்கிறவன் என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே நினைக்கிறார், இவன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டரிடம் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்து ஒழுங்காகப் போகிறது, நோய் மட்டும் போகவில்லை. எங்கேயோ ஓட்டை இருக்கிறது. எங்கே?

டிஸ்பென்சர் ஐயாவைப் போய்ப் பிடித்தேன். "ஆட்கள் எப்போது மருந்தை விடுகிறார்கள், சொல்லுங்கள்" என்றேன். அவருக்கு இது பிடித்த விஷயம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கொழுந்து மலிந்த காலத்தில் விடுவார்களாம். மலையிலிருந்து திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும், மருந்தாவது மண்ணாவது. திருவிழாவுக்கு விடுவார்கள். ஊரில் சாவு விழுந்தால் விடுவார்கள். காய்ச்சல் நின்றதும் விடுகிறவர்கள்தான் ரொம்பப் பேர் — நோய் போய்விட்டதே, இனி எதற்கு? வயிற்றைப் புரட்டுகிறது என்று வில்லைகளை மட்டும் விட்டுவிட்டுச் சின்ன மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறவர்கள் இன்னொரு ரகம். தீர்ந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, பாதியைச் சேர்த்து வைக்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

"மீனாட்சி இதில எந்தச் சாதியும் இல்லை" என்றார் டிஸ்பென்சர். "அவள் தங்கம்."

நீங்கள் எந்த ரகம்? சிரிக்காதீர்கள். போன மாதம் எனக்குத் தந்த இருமல் மருந்துப் போத்தல் இன்னமும் அலமாரியில் பாதி நிறைந்தபடி இருக்கிறது. இருமல் நின்ற நாள் முதல் அதன் பக்கம் நான் திரும்பவில்லை. ஆனால் என் இருமல் ஒன்றும் என்னைச் சாகடிக்காது. க்ஷயக் கிருமி அப்படி விடாது. அரைகுறையாக அடித்தால் அது சாவதில்லை, அடியைப் பழகிக்கொள்கிறது. பிறகு எவ்வளவு அடித்தாலும் அதற்கு உறைப்பதில்லை. டிஸ்பென்சர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லிந்துலைக்குப் போனேன். துப்பறியத்தான் போனேன், மறைப்பானேன்?

லயத்தில் அன்றைக்கு அடுப்பு எல்லாம் மணத்தது. ஞாயிறு அல்லவா. எங்கள் வீட்டு ஒற்றை அறைக் காம்பராவில் கோழிக் குழம்பு. அண்ணன் லயத்துக்குப் பின்னால் ஒரு கூண்டு கட்டிக் கோழி வளர்க்கிறான், டாக்டர் சத்துள்ளதாகச் சாப்பிடச் சொன்னாரே. கோழி இல்லாத வாரம் தலவாக்கலை வரைக்கும் நடந்து போய் இறைச்சி வாங்கி வருகிறான். ஸ்டோரில் வேலை முடிந்து, மழையில் நனைந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வருவானாம். அக்கம்பக்கத்துச் சனங்களும் அப்படித்தான். நெஞ்சு வியாதி என்று உள்ளே வரப் பயம், வாசலோடு நின்று பேசுவார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் மீன் பொரித்தால், முட்டை அவித்தால், ஒரு சட்டி வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

அண்ணன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அண்ணி எனக்குச் சோறு போட்டாள். அவளும் சாப்பிட்டாள். காலெலும்பை எடுத்து நன்றாகக் கடித்துச் சாப்பிட்டாள், பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

கை கழுவிவிட்டு நிமிர்ந்தேன். சுவரில் முருகன் படம். அதன் கீழே சின்னப் பலகை. விபூதித் தட்டு, சூடம், அதன் பக்கத்தில் இரண்டு பெரிய மாத்திரை டின். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. மூடியைத் திறந்தேன். நிறைய மாத்திரை. மற்றதையும் திறந்தேன். அதுவும் அப்படியே.

"அண்ணி, இது என்னது?"

"மருந்துதான் டீச்சரு." என்னை அவள் அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவாள். "மிச்சம் விழுந்தது. மருந்தைக் கண்ட எடத்துல போடலாமா? சாமிகிட்ட வச்சிருக்கேன்."

"மிச்சம் எப்படி விழும்? இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாயா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்கிற பார்வை.

"இன்னைக்கு எப்படிச் சாப்பிடுறது? கோழி தின்னுருக்கேன்ல."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன். நான், உட்கார்ந்தேன்.

பத்தியம். நம் ஆட்களுக்கு மருந்து என்றால் பத்தியம். மஞ்சள் காமாலைக்கு வேர் அரைத்துக் கொடுத்தாலும் சரி, பிரசவ மருந்தானாலும் சரி — புளி ஆகாது, கருவாடு ஆகாது, கறி ஆகவே ஆகாது. பத்தியம் முறிந்த வயிற்றில் மருந்து விழுந்தால் மருந்தே விஷமாகிவிடும். இதை அண்ணிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சோற்றை வாயில் வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லித்தருகிறார்களா? அப்படித் தெரிந்த விஷயம் அது.

டாக்டர் இரண்டு சொன்னார்: மருந்து சாப்பிடு, இறைச்சி சாப்பிடு. இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பெரிய டாக்டர் அப்படி விஷப் பரீட்சை சொல்வாரா? ஆகவே கறி நாளில் கறி. மற்ற நாளில் மருந்து. வாசலுக்கு ஒரு மீன் சட்டி வந்தால் அன்றைக்கு மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது தட்டில் விழுந்த மீன் துண்டைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துவிடுவாளாம். நல்ல மனசு என்று நர்ஸுகள் எல்லோரும் மெச்சினார்களாம்.

"அப்ப ஊசி? ஊசி மட்டும் விடாமல் போட்டாயே, கறி தின்ற நாளிலும் போட்டாயே?"

"ஊசிக்கு என்னா பத்தியம்? அது ரத்தத்துல போகுது. மாத்திரைதான் வயித்துக்குள்ள போகுது. கோழியும் வயித்துக்குள்ளதானே கெடக்கு."

சொல்லுங்கள், இதில் எங்கே பிழை கண்டுபிடிப்பீர்கள்? அவ்வளவு சுத்தமான கணக்கு. அந்தக் கணக்குப்படி, அண்ணன் அன்பாக வளர்த்த ஒவ்வொரு கோழியும் ஊசியைத் தனியாக விட்டுவிட்டது. துணைக்கு மாத்திரை இல்லாத ஊசியை அந்தக் கிருமி நிதானமாகப் பழகிக்கொண்டது. ஊரில் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு அண்ணிக்கு நல்லது செய்தார்கள். செய்யச் செய்ய நோய் முற்றியது.

இதே மருந்தைச் சாப்பிட்ட இன்னொருவரை எனக்குத் தெரியும். சவரிமுத்து, லொறி ஓட்டுகிறவர். மருந்துக்கு ஒரு மரியாதை கொடுக்கிற ஆளே இல்லை. மாட்டிறைச்சி ரொட்டி ஒரு கையில், மாத்திரை மறு கையில், அலுப்பாக ஒரு திட்டு, ஒரு மடக்குத் தேத்தண்ணி. அவர் இன்றைக்கு இறம்பொடை வளைவுகளில் பாட்டுப் பாடிக்கொண்டு லொறி ஓட்டுகிறார். மருந்தைச் சாமிக்குப் பக்கத்தில் வைத்தவள் எலும்பாகிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இது பொறுக்கவே இல்லை. இன்னமும் பொறுக்கவில்லை.

"இந்த மருந்துக்குப் பத்தியமே இல்லை அண்ணி" என்றேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "பத்தியம் இல்லாத மருந்து என்னா மருந்து? அப்ப அதுக்கு வீரியமே இல்லையா?"

பாருங்கள் சங்கடத்தை. உண்மையைச் சொன்னால் மருந்து மேலேயே நம்பிக்கை போகிறது.

தண்ணீர்ப் பானையோடு அண்ணன் வருகிற சத்தம் கேட்டது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்கண்ணன்கிட்ட சொல்லிறாத தாயி. மழையில நனைஞ்சு கோழியத் தூக்கிட்டு வந்த மனுசன். இதுனாலதான் இப்படின்னு தெரிஞ்சா அது தாங்காது."

சொல்லவில்லை. அவனுடைய தட்டில் நானே குழம்பு ஊற்றினேன். அன்றைக்கு நான் ஊற்றிய குழம்பு என் கையைச் சுட்டது.

டிஸ்பென்சரிடம் மட்டும் ஓடிப் போய்ச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. "பத்தியம் இல்லை எண்டு சொன்னால் ஏற்க மாட்டாள். பத்தியம் ஒண்டைக் குடுப்பம்" என்றார். அடுத்த ஊசிக்கு அண்ணி வந்தபோது பெரிய முகம் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்: "இந்த மாத்திரைக்கு முட்டைதான் பத்தியம். முட்டை சாப்பிட்டால்தான் மாத்திரை பிடிக்கும்."

எவ்வளவு சாமர்த்தியம். நானும் மெச்சினேன். அண்ணிக்குப் பரம திருப்தி — ஆ, இப்போதுதான் இது மருந்து. அண்ணனிடம் முட்டைக்குக் கோழி வேண்டும், இனிக் கோழியை அறுக்க வேண்டாம் என்றாள். அவனும் சரி என்றான். சில வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் வகுப்பில்கூட ஒருமுறை உட்கார்ந்தேன், பிள்ளைகள் பயந்துபோய்விட்டார்கள்.

அப்புறம் தென்மேற்கு மழை பிடித்தது. கூண்டு நனைந்து கோழிகளுக்குச் சீக்கு. இரண்டு செத்தன. மற்றவை முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. நான் மறுபடி லிந்துலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாத்திரை டின் திரும்பவும் சாமிப் பலகைக்கு ஏறியிருந்தது.

"முட்டை இல்லாம எப்படி டீச்சரு? டிஸ்பென்சர் ஐயாவே சொல்லியிருக்காரே, பிடிக்காதுன்னு."

அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. இதற்கு யாரைத் திட்டுவது? மழையையா? கோழிகளையா?

நான் திட்டவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மாத்திரையை விழுங்குகிறவரை பார்த்தேன். ஒவ்வொரு வில்லையாக விழுங்கினாள். எனக்காக விழுங்கினாள், நம்பிக்கையோடு அல்ல. அது அவள் முகத்தில் தெரிந்தது.

இப்படியாக, செவ்வாய்க்கிழமை பஸ். ஆடும் கால்.

கிளினிக்கில் பெஞ்சில் காத்திருந்தோம். நான் நடந்தேன். சுவரில் ஒட்டியிருந்த எல்லா நோட்டீஸையும் படித்தேன். மூன்று மொழியிலும் படித்தேன், சிங்களத்தில் எழுத்துக்கூட்டி. "இங்கே துப்ப வேண்டாம்." எங்கே துப்பலாம் என்று ஒரு மொழியிலும் எழுதியிருக்கவில்லை.

கூப்பிட்டார்கள். உள்ளே போனோம்.

டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த ஊசி இனி வேலை செய்யாது" என்றார். "கிருமி பழகிட்டுது. புது மருந்து குடுக்கணும். வெளிநாட்டில இருந்து எடுக்கணும். அம்மா மறுபடி வார்டுக்கு வரணும், ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அந்த மருந்து கஷ்டமானது. வாந்தி வரும். ஆனா இதை விட்டா வேற மருந்து எங்க கையில இல்லே."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். "ஊசி எல்லாம் போட்டிருக்கு. அப்போ மாத்திரைதான் போகல்லே. நான் அன்னைக்கே கேட்டேன். நீங்க உண்மை சொல்லல்லே."

நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அண்ணி பேசிவிட்டாள். டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் தவிர ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள். முக்காட்டை இறக்கிவிட்டு, நிமிர்ந்து நின்று பேசினாள்.

"அவுகளைச் சொல்லாதீங்கய்யா. அவுக குடிக்கிறதுமில்ல, விக்கிறதுமில்ல. நான்தான் திங்கல. கறி தின்ன நாள்ல மருந்து ஆகாதுன்னு வச்சிட்டேன். அவுகளுக்குத் தெரியாது. அவுக கறி வாங்கிட்டு வந்தது, நீங்க சொன்னீங்கன்னுதான்."

டாக்டருக்கு முழுவதும் புரியவில்லை. நான் விளக்கினேன். பத்தியம், கோழி, ஊசி, முட்டை, எல்லாம். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. மேசையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாம்..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்றார். சிங்களத்தில் சொல்லவில்லை, தமிழிலேயே சொன்னார்.

ஆனால் அண்ணன் அதைக் கேட்கவில்லை. அவன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் இரண்டு கையையும் பார்த்தான். எத்தனை ஞாயிறு, எத்தனை கோழி, எத்தனை தரம் "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க புள்ள" என்று தட்டில் தள்ளியிருப்பான். எல்லாம் அவன் மனசில் ஓடுவது எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

அப்போதுதான் பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. தெளிவாக, கடைக்காரரிடம் சாமான் கேட்கிற மாதிரி.

"புது மருந்துக்கு என்னா பத்தியம்ங்கய்யா?"

திரும்பினேன். இத்தனை மாதத்தில், இத்தனை ஊசிக்கும் எக்ஸ்ரேக்கும் நடுவில், யாரும் கேட்காத கேள்வி. அவள் கேட்டிருக்கவில்லை, தெரிந்த விஷயம்தானே என்று. அவர் சொல்லியிருக்கவில்லை, அப்படி ஒன்று இல்லையே என்று. இரண்டு பேரும் நல்லவர்கள். நடுவில் நின்றது ஒரு கோழி.

டாக்டர் யோசித்தார். நல்ல வேளை, "பத்தியம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடவில்லை.

"பத்தியம் இருக்கு அம்மா" என்றார். "ரொம்பக் கடுமையான பத்தியம். ஒரு நாளும் விடக்கூடாது. அதுதான். முட்டை இருந்தாலும் இல்லாட்டியும், கறி தின்னாலும் தின்னாட்டியும், வாந்தி வந்தாலும், நல்லாயிட்டேன்னு தோணினாலும். ஒரு நாள் விட்டா பத்தியம் முறிஞ்சுது."

அண்ணி அதை மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தாள். தலையாட்டினாள். அந்த முகத்தில் நான் இத்தனை நாளாகத் தேடிய நம்பிக்கை வந்து உட்கார்ந்தது.

"கடுசான பத்தியந்தான்" என்றாள் மரியாதையோடு.

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் இன்னமும் கையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"கேட்டுக்கிட்டீங்கள்ல? கறிக்குத் தடையில்லையாம். ஞாயித்துக்கிழமை வார்டுக்கு வர்றப்ப வெறுங்கையோட வராதீங்க. கோழிக் கொழம்பு வச்சுக் கொண்டாங்க."

அண்ணன் நிமிர்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எனக்கு வைக்கத் தெரியாதே புள்ள."

"படிச்சுக்கங்க. ஒரு வருசம் இருக்குல்ல."

ஆகவே, லிந்துலையிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் குழம்பு தீய்ந்த வாசம் வந்தால் யாரும் முகம் சுளிக்காதீர்கள் — தூக்குச் சட்டியோடு வருகிற அந்த ஆள் என் அண்ணன்தான்.